எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் குளிசைகளை எடுப்பது எப்படி

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருடைய இரைப்பை மாறியிருக்கும். அவருடைய அலுமாரியில் இருக்கும் குளிசைப் பை மாறியிருக்காது. யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக வேலை செய்யும் நான் இந்த ஒரு பொருத்தமின்மையைப் பற்றியே மீண்டும் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பலர் கொழும்பிலோ சென்னையிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் தொலைவில் இருப்பார். இங்கே கிளினிக்கில் மருந்து எழுதும் வைத்தியருக்கு அந்தச் சத்திரசிகிச்சையின் விவரம் முழுமையாகத் தெரிந்திருக்காது. இருவருக்கும் இடையில் செய்தியைக் கொண்டுசெல்லும் பொறுப்பு நோயாளியின் கையில் விழுந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படும் எதையும் வைத்து வைத்தியர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய்க் கேளுங்கள்.

முதலில், என்ன மாறியது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்லீவ் எனப்படும் சத்திரசிகிச்சையில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 வீதம் வரை வெட்டி அகற்றப்பட்டு, மிகுதி ஒரு குழாய் போல ஆகிவிடுகிறது. பைபாஸ் சத்திரசிகிச்சையில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவும் மருந்தும் முன்சிறுகுடலைத் தொடாமலே கடந்துபோகின்றன. இதனால் குளிசையைக் கரைக்கும் அமிலம் குறைகிறது, கரைந்ததை உறிஞ்சும் பரப்பும் குறைகிறது. சில மருந்துகள் முன்பைவிடக் குறைவாகவும், வேறு சில முன்பைவிடக் கூடுதலாகவும் இரத்தத்தில் சேருகின்றன. இதற்குமேல் உடல் எடையும் மாதந்தோறும் இறங்குவதால், முன்பு அளவாக இருந்த மருந்து பின்னர் அளவுக்கு மிஞ்சியதாக ஆகலாம். ஆகவே உங்களுக்குச் செய்யப்பட்டது ஸ்லீவா பைபாஸா என்பதை உங்கள் பெயரைப் போல நினைவில் வைத்திருங்கள். மருந்து எழுதுகிறவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான்.

முதற் படி: பையைக் கொட்டி ஒரு பட்டியல் எழுதுதல்

சத்திரசிகிச்சைக்குப் போகும் முன்னரே இதைச் செய்வது நல்லது. செய்யாதவர்கள் வீடு வந்த முதல் நாளிலேயே செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றின் பெயர், மில்லிகிராம் அளவு, எடுக்கும் நேரம், எதற்காக எடுக்கிறீர்கள் என்பவற்றைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணெய், இலேகியம், சத்துமா, கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய விற்றமின் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். அதே பக்கத்தின் மேற்பகுதியில் சத்திரசிகிச்சையின் வகையையும் திகதியையும் சிவப்பு மையால் எழுதி, டயக்னோசிஸ் காட்டின் (வீடு அனுப்பும்போது வைத்தியசாலை தரும் நோய்விவர அட்டையின்) பிரதியொன்றை உள்ளே ஒட்டிவிடுங்கள்.

நம்முடைய கிளினிக்குகளில் குளிசைகள் பெரும்பாலும் அட்டையிலிருந்து பிரிக்கப்பட்டுக் கடதாசி உறைகளில் வருகின்றன. அந்த உறையில் மருந்தின் பெயர் சுருக்கமாகவே இருக்கும்; அது மெதுவாகக் கரையும் வகையா சாதாரண வகையா என்பது பார்வைக்குத் தெரியாது. அந்த வேறுபாடு இப்போது உங்களுக்கு முக்கியமானதாகிவிட்டதால், மருந்து தரும் இடத்தில் ஒவ்வோர் உறையையும் காட்டி, "இது உடைக்கக்கூடிய குளிசையா?" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் கேளுங்கள். கேட்கிறவரை எந்த மருந்தாளரும் குறை நினைக்கக் கூடாது.

இரண்டாம் படி: விழுங்கும் முறை

முதல் சில வாரங்களுக்கு இரைப்பை வீங்கியிருக்கும். பெரிய குளிசை வழியில் தங்கி வலியையும் சத்தியையும் உண்டாக்கலாம். தைரொக்சின் போன்ற சிறு குளிசைகளைப் பெரும்பாலானோர் அப்படியே விழுங்கிவிடுவார்கள். மெற்போமின், பெரிய நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகள் போன்றவற்றை உடைத்தோ, நுணுக்கியோ, பாணி மருந்தாகவோ எடுக்க நேரும். எத்தனை வாரம் இப்படிச் செய்ய வேண்டும் என்பதை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வார்.

நுணுக்கலாம் என்று உறுதியான குளிசையை இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்து அழுத்தியோ, மருந்துக்கென்றே ஒதுக்கிய சிறு உரலில் இடித்தோ மாவாக்கி, ஒரு மேசைக்கரண்டி ஆறிய நீரில் கலந்து உடனே குடியுங்கள். மிளகு இடிக்கும் உரலை எடுக்க வேண்டாம். பல குளிசைகளை ஒன்றாகக் கலக்காமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நிமிடங்கள் விட்டு, சிறு மிடறுகளாக நீர் குடியுங்கள். ஒரு கை நிறையக் குளிசையை வாயில் போட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு விழுங்கும் நம்மவர் பழக்கம் இந்தப் புதிய வயிற்றுக்கு ஒத்துவராது.

நுணுக்கக் கூடாதவை இரண்டு வகை. மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும்படி ஆக்கப்பட்ட குளிசைகள் ஒரு வகை. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எம்ஆர், ரிறாட் போன்ற எழுத்துகள் இருந்தால் அது இந்த வகை. இதை நுணுக்கினால் ஒரு நாளைய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். நுணுக்காமல் விழுங்கினாலோ, குறுகிய குடல்வழியில் முழுவதும் கரையுமுன் கடந்துபோய்விடலாம். ஆகவே இவற்றைச் சாதாரண வகைக்கு மாற்றித் தரும்படி வைத்தியரைக் கேட்பதுதான் வழி. அமிலத்தில் கரையாத மேற்பூச்சுக் கொண்ட குளிசைகள் இரண்டாவது வகை. அந்தப் பூச்சை உடைத்தால் மருந்து அழியலாம் அல்லது இரைப்பையை அரிக்கலாம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிறசோல் கூட்டுக்குளிசையை (கப்சியூலை) வைத்தியர் அனுமதித்தால் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை ஒரு கரண்டி தயிரிலோ பழக்கூழிலோ தூவி மெல்லாமல் விழுங்கலாம். மணிகளை நசுக்கக் கூடாது.

பாணி மருந்து இலகுவானதுதான், ஆனால் அதிலுள்ள சீனியைப் பாருங்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சீனி மிகுந்த பாணியோ சோபிற்றோல் என்ற இனிப்பூட்டி கலந்த பாணியோ குடலுக்குள் வேகமாக இறங்கி வயிற்றுப் பிடிப்பு, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம் ஆகியவற்றை உண்டாக்கலாம். நீரில் போட்டுக் கரைக்கும் நுரைக்குளிசையை நுரை முற்றாக அடங்கிய பின்னரே குடியுங்கள்.

மூன்றாம் படி: நோமருந்துகளைப் பிரித்து வைத்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். டைக்குளோபினாக், இபுபுறோபன், நப்புறொக்சன், மெபெனமிக் அமிலம் ஆகிய நோமருந்துகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தைப் பலவீனமாக்குகின்றன. பைபாஸ் செய்தவர்களுக்கு, இரைப்பைப் பையும் குடலும் தைக்கப்பட்ட இடத்தில் புண் வருவதற்கு இவை ஒரு முக்கிய காரணம். அந்தப் புண் இரத்தம் கசியலாம், துளையாகவும் ஆகலாம். புகைத்தல் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. பைபாஸ் செய்தவர்கள் இவற்றை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களும் வைத்தியர் தெளிவாக அனுமதித்தால் அன்றித் தொடக்கூடாது.

"குளிசைதானே கூடாது, ஊசி போட்டால் வயிற்றுக்குப் போகாதே" என்று பலர் கேட்கிறார்கள். மலவாசல் வழியாக வைக்கும் மருந்தைப் பற்றியும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அது தவறு. இந்த மருந்துகள் வயிற்றைத் தொட்டு மட்டும் கெடுப்பதில்லை. இரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரைப் பாதுகாக்கும் பொருட்களின் உற்பத்தியையே தடுக்கின்றன. எந்த வாசலால் நுழைந்தாலும் கெடுதி உண்டு. மேலே பூசும் களிம்பிலிருந்து இரத்தத்தில் சேருவது குறைவு என்றாலும், அதையும் கேட்டுவிட்டே பூசுங்கள்.

எடை கூடியவர்களுக்கு முழங்கால் நோ பழைய தோழன். வருடக்கணக்காக டைக்குளோபினாக்கில் காலத்தை ஓட்டியவர்களுக்கு இந்த மருந்தைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பதை நான் கண்டிருக்கிறேன். எடை இறங்க இறங்க முழங்காலின் சுமையும் இறங்கும் என்பது உண்மை; அதுவரையில் பரசிற்றமோலே, அதாவது நாம் பனடோல் என்று சொல்வதே, முதல் மருந்து. 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைகளுக்கு, அதாவது 4 கிராமுக்கு, மேலே போகக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் உடல் மிக மெலிந்தவர்களுக்கும் இந்த அளவு குறையும். தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் ஒளிந்திருக்கிறது என்பதை மறந்து இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு, அட்டையைப் படியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களின் பெட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். அட்வில் என்ற பெயரில் கனடாவிலிருந்து வருவது இபுபுறோபன்தான். பெயர் தெரியாத குளிசையை மருந்தகத்தில் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். பெயரே எழுதாத பொட்டலத்தில் மூட்டு நோவுக்குத் தரப்படும் தூளில் நோமருந்தோ ஸ்ரெறொயிட்டோ கலந்திருக்கக்கூடும்; அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்கும். டெங்குவில் இரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் இபுபுறோபன் வகை மருந்துகள் யாருக்குமே கூடாது. உங்களுக்கு அது இரட்டிப்பு ஆபத்து. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே. சிறுத்த இரைப்பையோடு டெங்குக்குத் தேவையான நீராகாரத்தைக் குடித்து முடிப்பதும் கடினம் என்பதால், மற்றவர்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் நாளிலேயே நீங்கள் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

இருதய வருத்தத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்களின் நிலை வேறு. அதுவும் புண்ணை உண்டாக்கக்கூடியதுதான், ஆனால் திடீரென நிறுத்தினால் மாரடைப்பு ஆபத்து உண்டு. இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்கும் வரை நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

நான்காம் படி: சீனி வருத்தம், பிறஷர் மருந்துகளை அடிக்கடி அளந்து பார்த்தல்

சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே, எடை இறங்குவதற்கு முன்பாகவே, இரத்தத்தில் சீனியின் அளவு இறங்கத் தொடங்கலாம். சாப்பாடோ சில கரண்டிகள்தான். இந்த நிலையில் இன்சுலினையோ, கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். அதனால் இவை பெரும்பாலும் குறைக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். மருந்துத் துண்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று வீடு திரும்பும் முன் கேளுங்கள். மெற்போமின் பைபாஸுக்குப் பின் கூடுதலாக உறிஞ்சப்படுவதாக அறியப்பட்டுள்ளது. அதைத் தொடர்ந்தாலும் சாதாரண வகையாகவே தொடர வேண்டும். எம்பகிளிப்புளோசின் வகைக் குளிசைகளை நீரும் உணவும் குறைந்த நாட்களில் எடுத்தால் உடல் வறளும், இரத்தத்தில் அமிலமும் கூடலாம். வைத்தியர் மீண்டும் தொடங்கச் சொல்லும் வரை அவற்றை எடுக்க வேண்டாம்.

வீட்டில் சீனி அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்து, முதல் வாரங்களில் அளந்த எண்களைக் கொப்பியில் எழுதுங்கள். 70 mg/dLக்குக் கீழே போனால், அல்லது நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தடுமாற்றமும் வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைச் சிறிது நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து, வைத்தியருக்கு அறிவியுங்கள். பைபாஸ் செய்தவருக்குச் சீனி ஒத்துக்கொள்ளாதே என்று அந்த நேரத்தில் தயங்கக் கூடாது.

பிறஷர்க் குளிசையிலும் இதே கதைதான். சிறுநீரைக் கூட்டும் குளிசைகள் முதல் மாதங்களில் உடலை எளிதில் வறளச் செய்யும். சித்திரை வெயிலிலும் நல்லூர்க் கொடியேற்றத்துச் சனத்திலும் நிற்கும்போது கண் இருண்டு தலைச்சுற்று வந்தால், அதைப் பலவீனம் என்று விட்டுவிடாமல் பிறஷரை அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் நீராவது மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். உணவோடு சேர்த்துக் குடிக்காமல், உண்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஐந்தாம் படி: விற்றமின்களுக்கு நேரம் பிரித்தல்

இவை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியவை. முதல் வருடம் ஒழுங்காக எடுத்துவிட்டு, உடல் நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருடத்தில் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் பின்னாளில் இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் கால் விறைப்பும் வருகின்றன. குறைபாடு வருடக்கணக்கில் ஓசையின்றி வளரும்.

கல்சியம் பொதுவாக ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை தேவை. உடல் ஒரே தடவையில் ஏறக்குறைய 500 மில்லிகிராமுக்கு மேல் நன்றாக உறிஞ்சாது, ஆகவே மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். நம்முடைய அரச கிளினிக்குகளில் தரப்படும் கல்சியம் லக்ரேற் 300 மில்லிகிராம் குளிசையில் உண்மையான கல்சியம் 13 வீதம்தான், அதாவது 40 மில்லிகிராமுக்கும் குறைவு. அதை மூன்று வேளை எடுத்துவிட்டுக் கல்சியம் எடுக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். கல்சியம் காபனேற்றில் 40 வீதம் கல்சியம் உண்டு, ஆனால் கரைவதற்கு அமிலம் வேண்டும் என்பதால் உணவோடு எடுக்க வேண்டும். கல்சியம் சிற்றேற்றுக்கு அமிலம் தேவையில்லை. அதனால் அதுவே உங்களுக்குப் பொருத்தமானது.

இரும்புச்சத்தும் கல்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தைரொக்சினுக்கும் இவ்விரண்டுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் வேண்டும். தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது. தேசிக்காய்ச் சாறும் தோடம்பழமும் உறிஞ்ச உதவும். தைரொயிட் வருத்தமும் உள்ள ஒருவருக்கு நான் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் ஒழுங்கு இது: காலை ஐந்தரைக்கு வெறுவயிற்றில் தைரொக்சின்; ஆறரைக்கு ஒமெப்பிறசோல்; ஏழு மணிக்குக் காலையுணவு; பத்து மணிக்குக் கல்சியம்; பன்னிரண்டரைக்கு மதிய உணவோடு பல விற்றமின்கள் சேர்ந்த குளிசை (மல்ரிவிற்றமின்); மூன்று மணிக்குக் கல்சியம்; ஆறு மணிக்கு இரும்பு, சீனி போடாத தேசிக்காய் நீரோடு; இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் கல்சியம். நாலரை மணித் தேநீரை விட முடியாதவர்கள் அதை நாலு மணிக்கு முன்னே கொண்டுவாருங்கள்.

பி12 விற்றமின் உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் தேவை. அது குறைந்துவிடுவதால், நாளாந்தம் 350 முதல் 1000 மைக்கிறோகிராம் வரை குளிசையாகவோ, மாதம் ஒரு முறை 1000 மைக்கிறோகிராம் ஊசியாகவோ தரப்படும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். விற்றமின் டியின் அளவை இரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப வைத்தியர் தீர்மானிப்பார். மிட்டாய் போன்ற மெல்லும் விற்றமின்களில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, மற்றைய சத்துகளும் போதாது. அவற்றை நம்பியிருக்க வேண்டாம்.

பித்தக்கல் வராமல் இருக்க ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு அர்சோடியொக்சிகோலிக் அமிலமும், புண் வராமல் இருக்கச் சில மாதங்களுக்கு ஒமெப்பிறசோலும் தரப்பட்டிருந்தால், வலி இல்லை என்பதற்காக இடையில் நிறுத்த வேண்டாம்.

வேறு சில மருந்துகள்

கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் இதைக் கவனியுங்கள். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது; அதே நேரத்தில், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், குளிசையின் பலன் குறையலாம். 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், கருப்பைக்குள் வைக்கும் வளையம், ஊசி, தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சி போன்ற வேறு வழியொன்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஒழுங்குசெய்யுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இதைக் கூச்சமின்றிக் கேட்கலாம்.

இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களில் தேவையான அளவு குறையலாம். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான மருந்துகளின் அளவும் மாறக்கூடும். லிதியம் உடலில் தேங்கி நஞ்சாகலாம். மனச்சோர்வுக்கான சில குளிசைகளின் பலன் குறையலாம். தூக்கம் குழம்பினாலோ பழைய மனச்சோர்வு திரும்பி வந்தாலோ, அது மருந்தின் அளவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள். எலும்புத் தேய்வுக்கான அலென்றோனேற் குளிசையும் பொற்றாசியம் குளிசையும் உணவுக்குழாயையும் இரைப்பையையும் அரிக்கக்கூடியவை. மாற்று வழி கேளுங்கள். சிப்புறோபுளொக்சசின் எழுதப்பட்டால், அதைக் கல்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணித்தியாலம் முன்போ ஆறு மணித்தியாலம் பின்போ எடுங்கள்.

சித்த மருந்து எடுப்பவர்களும் அந்த வைத்தியரிடம் சத்திரசிகிச்சையைச் சொல்லுங்கள். இலேகியத்தில் வெல்லமும் நெய்யும் மிகுதி. கந்தசஷ்டியில் ஆறு நாளும் நீரோடு மட்டும் இருப்பது, நோன்பு நாட்களில் பகல் முழுவதும் நீரின்றி இருப்பது ஆகியவற்றை முதல் வருடத்தில் தள்ளிவையுங்கள். விரதம் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள், எந்த மருந்தை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தி நிற்காவிட்டால்

ஒரு முறை சத்தி வந்தால், அந்த வேளைக் குளிசையை மீண்டும் எடுக்க முன் கேளுங்கள். இரண்டு மூன்று நாட்கள் சத்தி நிற்காவிட்டால் நிலைமை வேறு. உடலில் தயமின் எனப்படும் பி1 விற்றமினின் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழம்புதல் ஆகியவை அதன் அடையாளங்கள். சோர்வு தீர அருகிலுள்ள இடத்தில் சேலைன் ஏற்றிக்கொள்வது நம்மிடையே வழக்கம். தயமின் தராமல் குளுக்கோஸ் கலந்த சேலைனை ஏற்றினால் இந்தப் பாதிப்பு விரைவுபடக்கூடும். ஆகவே ஊசி ஏறுமுன் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "எனக்கு எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை நடந்தது, பல நாட்களாகச் சத்தி, முதலில் தயமின் தாருங்கள்." உடன் வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளியால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம்.

இரும்புக் குளிசையால் மலம் கறுப்பது வழமை. ஆனால் தார் போல ஒட்டும் தன்மையோடும் கடும் நாற்றத்தோடும் போனாலோ, சத்தியில் இரத்தம் கண்டாலோ, மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி எழுந்தாலோ, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.